மெழுகுதிரிக்காரர் மகளின் பங்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
3 ஒக்டோபர் 2025

அன்புள்ள தங்கச்சி பாலேஸ்வரிக்கு,

இங்கிலாந்தில் உங்கள் கடை இருக்கும் கட்டிடத்தின் பின்பாதி 1764ஆம் ஆண்டில் ஒரு தங்கையின் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது. இது நேற்று மாலை உறுதியானது. ஆதாரம், உங்கள் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கஜீவன் படம் பிடித்து அனுப்பிய மரண சாசனம். ஜோன் ஹாலட் என்பவர் எழுதியது. இரண்டு பக்கம். அடியில் அவருடைய கையொப்பமும் மூன்று சாட்சிகளின் கையொப்பமும் தெளிவாக இருக்கின்றன.

நீ ஜூன் மாதம் எழுதிய கடிதத்துக்கு இது பதில். நான்கு மாதம் தாமதித்துவிட்டேன். நீ கேட்டது மூன்று வரிதான். மேல் வீடு காலியாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன் அண்ணா, ஜனவரி ஒன்பதாம் திகதி வந்து மூன்று மாதம் நிற்க யோசிக்கிறேன், வாடகைக்குத் தருவீர்களா, முன்பணம் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கஜீவன் கேட்ட வேலையை முடித்துவிடுகிறேன்.

உன் மகன் என்னைப் பிடித்த விதத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் ஊர் வரலாற்றுச் சங்கம் பழைய கட்டிடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டும் நாளில் உங்கள் கடையையும் பட்டியலில் சேர்த்திருக்கிறதாம். கஜீவன் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினான். "மாமா, நீங்கள் நாப்பது வருஷம் கோட்டில இருந்து பேப்பருக்குக் காணி வழக்கு எழுதினனீங்கள். இந்தக் கோழிக் கிறுக்கல் எனக்கு விளங்கேல்லை. ஒரு பக்கத்தில தமிழில எழுதித் தாங்கோ, அரிசி மூட்டைக்கு மேல கொழுவி விடுறன். எங்கட சனமும் வாசிக்கட்டும்" என்றான். பிறகு படங்கள் வரத் தொடங்கின. நூற்றுக்கு மேல். மழைக்காலம், வெளியே போக முழங்கால் விடவில்லை, இருந்து வாசித்தேன்.

கதை இதுதான். தோமஸ் ஹாலட் மாட்டுக் கொழுப்பை உருக்கி மெழுகுதிரி ஊற்றி விற்றவர். நீங்கள் வெங்காயம் அடுக்கும் பின்முற்றத்தில் அவருடைய கொப்பரை இருந்திருக்கிறது. மணம் தாங்க முடியவில்லை என்று அயலவர்கள் 1729இல் முறைப்பாடு செய்திருக்கிறார்கள். கருவாட்டை உள்ளே எடுக்கச் சொல்லி உனக்கு நகரசபை அனுப்பிய கடிதம் நினைவுக்கு வந்தது.

அந்த வீடு தோமஸ் உழைத்துத் தேடிய வீடு இல்லை. அவருடைய மனைவி ஆனின் சிறிய தந்தை கையுறை தைத்து விற்றவர், பிள்ளைகள் இல்லாதவர். அவர் 1721இல் இறந்தபோது வீட்டை "என் பெறாமகளை மணந்த தோமஸ் ஹாலட்டுக்கு" என்று எழுதி வைத்தார். ஆனின் வழியாக வந்த வீடு ஆனின் பெயருக்கு ஒருநாளும் வரவில்லை.

தோமஸ் 1743இல் தன் சாசனத்தை எழுதினார். ஆன் விதவையாக இருக்கும் வரை அந்த வீட்டில் இருக்கலாம், மறுமணம் செய்தால் வெளியேற வேண்டும். அவருக்குப் பிறகு வீடும் கடையும் கொப்பரையும் மகன் ஜோனுக்கு. மகள் மேரிக்கு ஒரு சிலிங். காரணமும் எழுதியிருக்கிறார்: "அவள் தன் திருமணத்தின்போதே தன் பங்கைப் பெற்றுக்கொண்டாள்." மகளை மறந்துபோய் விட்டுவிடவில்லை என்று காட்டத்தான் அந்த ஒரு சிலிங். அந்தக் காலத்துச் சாசனங்களில் இது சாதாரணம்.

கஜீவன் இந்த இடத்தை வாசித்துவிட்டு, "மாமா, இது எங்கட தேசவழமை எல்லோ! வெள்ளைக்காரனும் யாழ்ப்பாணத்தான்தான்" என்று சிரித்தான். அவன் சொன்னது பெரும்பாலும் சரி. ஒல்லாந்தர் 1707இல் எங்கள் ஆட்களின் வழமையை எழுதி வைத்தார்கள். சீதனம் வாங்கிக்கொண்டு போன மகளுக்குப் பெற்றாரின் ஆதனத்தில் பங்கில்லை என்பது அதில் இருக்கிறது. கொழும்பு 06இல் குடியிருக்கும் எங்களுக்கும் அது இன்றும் பொருந்தும்.

இனி ஜோனின் சாசனம். தகப்பன் எழுதி இருபத்தொரு வருடம் கழித்து எழுதியது. எழுத்துக்கு எழுத்தாகப் பெயர்க்கிறேன்: "என் தந்தையின் சாசனம் எழுதப்பட்டபோது நான் அந்த அறையில் நின்றேன். என் சகோதரி தன் பங்கைப் பெற்றுவிட்டாள் என்று எழுதப்பட்டது. அவள் பெறவில்லை. அது எனக்குத் தெரியும். நான் பேசவில்லை. ஆகவே வீட்டின் பின்பாதியையும் முற்றத்தையும் என் மரணத்துக்குப் பின் அவளுக்குக் கொடுக்கிறேன்."

அண்ணன் தன் தவறைத் திருத்திக்கொண்டார் என்று எழுதிக் கஜீவனின் பக்கத்தை முடித்திருக்கிறேன். மேரி அந்தப் பாதியில் குடியேறினாளா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. தேவாலயப் பதிவேடு பார்க்கக் கஜீவனுக்கு 21ஆம் திகதி நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது உன் கேள்வி. வாடகைப் பேச்சு வேண்டாம். வந்து நில். ஓகஸ்ட் மாதம் கொட்டாஞ்சேனைக்குப் போய், நொத்தாரிசு எட்வேட்டிடம் என் மரண சாசனத்தை எழுதிக் கொடுத்தேன். என் காலத்துக்குப் பிறகு மேல் வீடு உனக்கு. இது அம்மாவின் விருப்பம். அம்மாவின் ஆதன வழக்கு நடந்த நேரம், நீ சீதனத்தோடு போனவள் என்றபடியால் சட்டப்படி உன் பெயர் வரவில்லை. மற்றப்படி அதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

உன் முழங்காலைக் கவனி. கடையில் நின்றபடி நாள் முழுக்க வேலை செய்யாதே. தீபாவளிக்கு மகன் பிரியந்தன் சிட்னியில் இருந்து கதைப்பதாகச் சொன்னான். அவனுடைய அம்மா போன பிறகு பண்டிகை என்று இந்த வீட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பைக்கற் முறுக்கு வாங்கினேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

அண்ணன்,
சிவபாலன்


வெள்ளவத்தை,
கொழும்பு 06.
27 ஒக்டோபர் 2025

அன்புள்ள தங்கச்சி பாலேஸ்வரிக்கு,

மேரி 1766 மார்ச் 11ஆம் திகதி அடக்கம் செய்யப்பட்டாள். ஆதாரம், தேவாலயத்தின் அடக்கப் பதிவேடு. கஜீவன் 21ஆம் திகதி எடுத்த படம் என் முன்னால் இருக்கிறது.

ஜோன் இறந்தது 1768இல். ஒரு சாசனம் எழுதியவரின் சாவோடுதான் நடைமுறைக்கு வரும். வந்தபோது வாங்க வேண்டியவள் மண்ணுக்குள் போய் இரண்டு வருடம். பெறுபவர் முந்திக்கொண்டு இறந்தால் அந்தக் கொடை இல்லாமல் போய்விடும், காணி, சாசனம் எழுதியவரின் மூத்த மகனுக்குப் போகும் என்பது அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டம். அப்படியே போனது. மேரிக்கு இரண்டு மகள்மார் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றுமில்லை. ஜோனின் மகனுக்கு உங்கள் கடைக் கட்டிடம் முழுதாகச் சேர்ந்த வரலாறு இதுதான்.

தங்கை இறந்தது ஜோனுக்குத் தெரியாமல் இருந்திருக்குமோ என்று பார்த்தேன். இருக்க முடியாது. அந்த வருடம் அவர் தேவாலயத்தின் மேற்பார்வையாளர். மேரியின் பெயர் உள்ள பக்கத்தின் அடியிலேயே அவருடைய கையொப்பம் இருக்கிறது. அதன் பிறகும் இரண்டு வருடம் உயிரோடு இருந்தார். சாசனத்தில் ஒரு சொல்லும் மாற்றவில்லை. எழுதிவிட்டேன் என்ற எண்ணமே அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது. எனக்கும் ஓகஸ்டில் இருந்து போதுமாகத்தான் இருந்தது. கொட்டாஞ்சேனையில் இருந்து திரும்பி வந்த அன்று நன்றாக நித்திரை கொண்டேன்.

கஜீவனுக்கு எழுதிய பக்கத்தைத் தொங்கவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதிதாக எழுதி அனுப்பியிருக்கிறேன். அண்ணன் தவறைத் திருத்திக்கொண்டார் என்ற வரி அதில் இல்லை.

உனக்கு எழுதிய கடிதத்திலும் பிழை இருக்கிறது. எங்கள் பத்திரிகையில் ஒரு விதி இருந்தது. பிழை எந்தப் பக்கத்தில் வந்ததோ திருத்தமும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். ஆகவே தொலைபேசியில் சொல்லாமல் கடிதத்திலேயே திருத்துகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்த இரண்டு அழைப்புக்கும் நான் பதில் சொல்லாததன் காரணமும் இதுதான்.

நீ சீதனத்தோடு போகவில்லை.

அம்மா 2003 நவம்பரில் சாசனம் எதுவும் எழுதாமல் இறந்தார். அடுத்த ஏப்ரலில் நான் ஆதன வழக்குப் போட்டேன். அதில் ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தேன். என் சகோதரி பாலேஸ்வரி 1990இல் திருமணம் செய்தபோது ஒரு அட்டியல், ஒரு பதக்கச் சங்கிலி, நான்கு காப்பு ஆகியவற்றைத் தாயார் இரத்தினம்மா சீதனமாகக் கொடுத்தார், ஆகவே அவருக்கு வீட்டில் பங்கில்லை என்று அதில் இருக்கிறது. அந்த வாசகத்தை வழக்கறிஞர் சொல்லித் தரவில்லை. நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "நல்ல கிளியரா இருக்கு" என்றார்.

அந்த நகைகளை வாங்கியது நீ. பம்பலப்பிட்டியில் காப்புறுதிக் கம்பனியில் ஆறு வருடம் தட்டெழுத்து அடித்து, போனஸ் வரும்போதெல்லாம் செட்டியார் தெருவுக்குப் போய் ஒவ்வொன்றாக வாங்கினாய். எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு முறையும் கூட வந்தவன் நான். தங்கத்தோடு தனியே பஸ்ஸில் வரப் பயம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போவாய். வரும் வழியில் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருவாய். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் வேண்டாம் என்றதும், "வெறும் கழுத்தோட அனுப்புறன் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது, என்ரை பிள்ளை தன்ரை உழைப்பைப் போட்டுக்கொண்டு போறாள்" என்று அம்மா சொன்னதும் எனக்குக் கேட்டது. பற்றுச்சீட்டுகள் அம்மாவின் அலுமாரியில் இருந்தன. எல்லாவற்றிலும் உன் பெயர். வழக்குப் போடுவதற்கு முன்பே அவற்றைக் கண்டேன். கிழிக்கவில்லை. வேறு இடத்தில் வைத்தேன். இந்தக் கடிதத்தோடு அசல்களை அனுப்புகிறேன்.

வழக்குப் பற்றிப் பத்திரிகையில் அறிவித்தல் போட வேண்டும். ஆட்சேபனை உள்ளவர்கள் வரட்டும் என்பதற்காகத்தான் அது. நான் வேலை செய்த பத்திரிகையில் போட்டால் எனக்குச் செலவு குறைவு. போடவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாரத்துப் பத்திரிகைகளைக் கட்டி உனக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். நீ மரண அறிவித்தலில் இருந்து மணமகன் தேவை வரை ஒரு வரி விடாமல் வாசிப்பாய். ஆகவே ஒரு சிங்களப் பத்திரிகையில் போட்டேன். உனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. செய்தியை ஆட்களிடம் கொண்டு சேர்ப்பது என் தொழில். ஒரு செய்தி ஒரு ஆளிடம் போய்ச் சேராமல் பார்ப்பது எப்படி என்றும் அந்தத் தொழிலில்தான் படித்திருக்கிறேன்.

ஏன் செய்தேன் என்பதற்கு மூன்று காரணம் எழுதினேன். பத்திரிகையில் ஆட்குறைப்பு நடந்த காலம், பிரியந்தனின் படிப்பு, நீ இங்கிலாந்தில் வசதியாக இருக்கிறாய் என்று நினைத்தது. மூன்றும் உண்மை, மூன்றும் காரணம் இல்லை. வெட்டிவிட்டேன். எனக்கு வீடு முழுதாக வேண்டும் என்று இருந்தது. பிரியந்தனின் அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது. அவள் சாகும் வரைக்கும் தெரியாது.

நீ 2012இல் வந்தபோது படுக்கை விரிப்பும் துவாயும் உங்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்தாய். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க முன் கேட்டாய். வெளியே போய்த் திரும்பும்போது வாசலில் நின்று மணி அடித்தாய். உன்னிடம் ஒரு கதவுத் திறப்பைத் தர எனக்கு இரண்டு நிமிடம் போதும். தரவில்லை. அடுத்த முறை வந்தபோது அண்ணிக்குக் கரைச்சல் என்று கிருலப்பனையில் அறை எடுத்து நின்றாய். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

இப்போது முன்பணம் எவ்வளவு என்று கேட்கிறாய்.

மேல் வீட்டில் இருந்த பஹ்மியா ரீச்சரை உனக்குத் தெரியும். அம்மாவின் காலத்தில் வாடகைக்கு வந்தவர். மே மாதம் மகளோடு இருக்க நுகேகொடைக்குப் போனார். போகும் அன்று திறப்பை நீட்டினார். நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு, "சேர், இந்தத் தொறப்ப உங்கட தங்கச்சிட கையில குடுக்கோணும். கீழ் வீடு மகனுக்கு, மேல் வீடு மகளுக்கு எண்டு அம்மா எனக்கிட்ட எத்தினை தரம் சொன்ன. மறந்திராதீங்க" என்றார். நான் ஓம் என்றேன். "ஓமா, சும்மா ஓமா?" என்று கேட்டுச் சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது, சாதாரணமாகத்தான் சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அந்தத் திறப்பு என் மேசை இலாச்சியில் கிடந்தது. அந்த வெட்கத்தில்தான் ஓகஸ்டில் சாசனம் எழுதப் போனேன். நான் செத்த பிறகு உனக்குத் தெரிய வரட்டும், நீ என் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, நானும் உன் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்று கணக்குப் போட்டேன். ஜோன் ஹாலட் போட்ட கணக்கு. எனக்கு எழுபது, உனக்கு அறுபத்து நான்கு, உனக்குப் போன வருடம் நெஞ்சில் குழாய் வைத்தார்கள். யார் முந்துவோம் என்று யாருக்குத் தெரியும்?

போன வியாழக்கிழமை மறுபடியும் கொட்டாஞ்சேனைக்குப் போய், மேல் வீட்டை இப்போதே உன் பெயருக்கு மாற்ற உறுதிப் பத்திரம் எழுதச் சொன்னேன். எட்வேட் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ரெண்டு மாசத்துக்கு முதல் எழுதின சாசனத்தில என்ன குறை? தங்கச்சிக்குத்தானே போகுது" என்றார். நான் செத்த பிறகு அவள் யாரோடு சண்டை பிடிப்பாள் என்றேன். "அப்ப பேச்சு வாங்குறதுக்காகத்தான் இந்த உறுதி எண்டு போடவோ?" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பழைய வழக்குக் கோவையின் பிரதியையும் கொடுத்தேன். அவர் முழுவதும் வாசித்து முடித்தார். "ஊரில உள்ளவன்ட காணிச் சண்டை எல்லாத்தையும் ஒரு புள்ளி பிசகாமல் எழுதினீங்கள், ஐயா. உங்கட வீட்டுச் செய்தியை மட்டும் எடிட் பண்ணிப் போட்டீங்கள்" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை. பொய்ச் சத்தியக் கடதாசி குற்றம், அது தெரியும்தானே என்றும் கேட்டார். தெரியும், அதையும் எழுதுங்கள் என்றேன்.

இப்போது நடந்திருப்பது இவ்வளவு. நான் 2004இல் சொன்னது பொய் என்று எட்வேட் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். பிரதி இத்துடன் இருக்கிறது. அதை நீ எந்த வழக்கறிஞரிடமும் காட்டலாம், கஜீவனிடமும் காட்டலாம். ஒளிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். மேல் வீட்டையும் காணியில் பாதியையும் நான் இருக்கும்போதே உன் பெயருக்கு மாற்றும் நன்கொடை உறுதி தயாராகிறது. திரும்பப் பெற முடியாதபடி எழுதச் சொல்லியிருக்கிறேன். நன்கொடை என்ற சொல்லைப் பார்த்துக் கோபப்படாதே. உன்னுடையதை உனக்குக் கொடுக்க உறுதியில் வேறு பெயர் இல்லையாம், கேட்டுப் பார்த்தேன்.

திறப்பை இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். மேல் வீட்டுக்குப் பக்கத்தால் தனிப் படி இருக்கிறது. நீ என் வாசலைத் தாண்டிப் போகத் தேவையில்லை. தண்ணீர் மோட்டரின் ஆளி முன்பு கீழே இருந்தது, அதையும் மேலே மாற்றிவிட்டேன். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, இந்தக் கிழமை ஆள் வரும்.

நிலுவையில் இருப்பவை இரண்டு. காணிப் பதிவகத்தின் பிரதி நவம்பர் 14ஆம் திகதி கிடைக்கும் என்று எட்வேட் சொல்கிறார். கிடைத்ததும் நான் கையொப்பமிடுவேன். மற்றது உன் கையில். வாங்குபவர் ஏற்றுக்கொண்டு கையொப்பமிடாமல் நன்கொடை உறுதி செல்லாது. நான் மட்டும் எழுதி முடிக்கக்கூடிய காரியம் இல்லை இது. அங்கிருந்தே ஒருவரை நியமித்து ஏற்கலாம். நேரில் வந்தும் ஏற்கலாம். வேண்டாம் என்று விடவும் உனக்கு உரிமை இருக்கிறது.

ஜனவரி ஒன்பதாம் திகதி வருவதாக எழுதியிருந்தாய். இதை வாசித்த பிறகும் அந்தத் திகதி அப்படியே இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், விமான நிலையத்துக்கு நான் வரலாமா, வரக்கூடாதா என்று ஒரு வரி எழுது. வரக்கூடாது என்றால் வாகனத்தை மட்டும் அனுப்புகிறேன்.

உன் அண்ணன் என்று போட நீ விட்டால்,
சிவபாலன்